எழுபது-இருநூறும் ஊதாத விசிலும்

லென்ஸ் வாங்கப் போகிறேன் என்று கோவில்பட்டியில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. நான் சொன்னேன். ஒரே வாரத்தில் ஊரில் பாதிப் பேர் எனக்கு ஆலோசகர்கள் ஆகிவிட்டார்கள். டீக்கடைக்காரர், "அண்ணாச்சி, இப்ப போன்லயே நெலாவ எடுக்குதான். இதுக்குப் போயி ஒரு பைக் வெலயக் கொடுப்பாவளா?" என்றார். அச்சகத்தில் என்னோடு வேலை பார்ப்பவர், அந்தப் பணத்துக்கு ஊருக்கு வெளியே ஒரு சென்ட் நிலம் பாருங்கள் என்றார். ஒரு சென்ட் நிலத்தை வைத்துக்கொண்டு ஹாக்கி மேட்சை எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை.

எனக்குத் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற அச்சகத்தில் வேலை. சிவப்புப் புள்ளி மஞ்சள் புள்ளி மேல் சரியாக விழுந்திருக்கிறதா, ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்ப்பது என் பிழைப்பு. இருபத்தைந்து வருடம் இப்படிப் பார்த்த கண்ணுக்கு எதையும் மேலோட்டமாகப் பார்க்க வராது. என் மனைவி சாம்பாரில் கடுகு தாளித்ததைக்கூட நான் உற்றுப் பார்க்கிறேன் என்று குறைப்பட்டுக்கொள்வாள். கல்யாணப் படம் எடுக்கிற ஒருவர் புதுக் கேமரா வாங்கியபோது அவருடைய பழையதை நான் வாங்கினேன். அதோடு ஒரு சின்ன லென்ஸும் வந்தது. வாங்கியதற்குக் காரணம் என் மகள்.

மகள் பிளஸ் டூ. பள்ளி ஹாக்கி அணியில் முன்கள ஆட்டக்காரி. இந்த ஊரில் ஹாக்கி தெரியாத வீடு குறைவு. ஸ்டிக் பிடிக்காத வீட்டிலும் பந்து பட்டு யாருக்காவது பல் போயிருக்கும். அவள் ஓடுவதைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தச் சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய் எடுத்து வந்து பார்த்தால், பச்சை மைதானம் அழகாக விழுந்திருந்தது. அதில் என் மகள் கட்டெறும்பு அளவுக்கு இருந்தாள். எந்தக் கட்டெறும்பு என் மகள் என்று கண்டுபிடிக்க பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டியிருந்தது.

அப்படித்தான் லென்ஸ் தேட ஆரம்பித்தேன். ஆறு மாதம் தேடினேன். யூடியூபில் லென்ஸ் பற்றிப் பேசுகிற அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். கடைசியில் மூன்று லென்ஸில் வந்து நின்றேன். ஒன்று, நீளமானது, விலை மலிவு, முந்நூறு வரை இழுக்கும். ஆனால் வாய் சிறியது, வெளிச்சம் போதாது. எங்கள் ஊரில் வெயிலுக்குப் பயந்து ஆட்டத்தை நாலரை மணிக்குத்தான் ஆரம்பிப்பார்கள். முடிகிற நேரத்தில் சூரியன் சாய்ந்துபோயிருக்கும். அந்த வெளிச்சத்தில் அது எடுக்கிற படத்தில் ஓடுகிறவளுக்கு நாலு கால் இருக்கும். இரண்டாவது, ஐம்பது எம்.எம். கைக்குள் அடங்கும், விலையும் குறைவு, வாய் அகலம். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, மாடியில் வத்தல் காயப்போடுகிற மனைவி, முடிவெட்டும் கடையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர் என்று அன்றாடத்தை எடுக்க அதுதான் சரி. ஆனால் பக்கத்தில் போக வேண்டும். மைதானத்துக்குள் யார் விடுவார்கள்? மூன்றாவது, எழுபது-இருநூறு. நீளமும் உண்டு, வாயும் அகலம், வேகமாகக் கவ்விப் பிடிக்கும். கனம் ஒன்றரைக் கிலோ. புதிதாக வாங்க எனக்கு வக்கில்லை. பழையது மதுரையில் கிடைக்கும் என்றார்கள்.

எதை வாங்குவது என்று நான் முடிவு செய்யவில்லை. என் நண்பன் முடிவு செய்தான்.

நண்பன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக முடியாது. நானும் அவனும் ஒரே பள்ளி அணியில் கரிசல் மண்ணில் ஹாக்கி ஆடியவர்கள். ஒரு மழை பெய்தால் போதும், காலுக்கு ஒரு கிலோ மண் ஒட்டும், அதோடுதான் ஓடுவோம். நான் அச்சகத்துக்குப் போனேன். அவன் எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆனான், நடுவர் தேர்வும் எழுதி விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவனுக்கு எங்கள் வீட்டில்தான். கறிக்குழம்பில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் என் மனைவி என்னைக் கேட்க மாட்டாள், அவனைக் கேட்பாள். என் மகளுக்கு ஏழு வயதில் பெரிய ஸ்டிக் ஒன்றை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கிக் கையில் கொடுத்தவன் அவன். அவள் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். ரத்தத்தில் எனக்கு உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரையும் நான் அவ்வளவு நம்பியதில்லை.

அவனுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அவன் விசிலில் கலப்படம் கிடையாது என்பார்கள். அந்தப் பெயரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி அவன் தூக்கிக்கொண்டு நடப்பான். போன வருடம் ஒரு போட்டியில் தோற்றுப்போன வெளியூர் அணியின் பயிற்சியாளர், "உள்ளூர் அம்பயரு உள்ளூருக்குத்தான் ஊதுவான்" என்று கூட்டத்துக்கு நடுவில் சொல்லிவிட்டார். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மாதக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "எப்டி மாப்ள அப்டிச் சொல்லலாம்?" என்பான். விட்டுத் தள்ளு என்று நானும் அலுக்காமல் சொல்வேன்.

லென்ஸ் விஷயத்தில் அவனுக்கு ஒரே பேச்சு. "ஏலே, சின்னதுல்லாம் வாங்காத. பெரிசா வாங்கு. நான் கையத் தூக்குனா என் கை ரேக தெரியணும்."

"மகள எடுக்கத்தான் வாங்குதேன். ஒன்ன எடுக்க இல்ல," என்றேன்.

"அவ ஓடுத பக்கமெல்லாம் நானுந்தான ஓடுதேன்," என்றான்.

மதுரைக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். மாடியில் இருந்த கடையில், பழைய எழுபது-இருநூறு ஒன்றை எடுத்து வைத்தார்கள். வெளியே பெயிண்ட் உரிந்திருந்தது, கண்ணாடி சுத்தமாக இருந்தது. சோதித்துப் பார்க்க வேண்டுமே. அவன் கீழே இறங்கிப் போய்ச் சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு பாத்திரக் கடை வாசலில் நின்றுகொண்டு, நடுவர் காட்டுகிற அத்தனை சைகையும் காட்ட ஆரம்பித்துவிட்டான். இரண்டு கையையும் நீட்டினான், காலைத் தூக்கித் தொட்டுக் காட்டினான், தலைக்கு மேல் கையைத் தூக்கினான். போக்குவரத்துக் காவலர் ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு இவனையே பார்த்தார். நான் மாடி ஜன்னலில் இருந்து சிரித்துக்கொண்டே எடுத்தேன். அவன் மேலே வந்து கேமராத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணு எங்க பாக்குன்னுகூடத் தெரியுதுல்லா. இதுதான் மாப்ள. கண்ண மூடிட்டு வாங்கு," என்றான். வாங்கினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவனும் அவன்தான். எனக்கே கொடுக்கவில்லை.

அன்றாடத்துக்கு அந்த லென்ஸ் உதவவில்லை என்பதை ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன். அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால், "சினிமாவா?" என்று கேட்டார்கள். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைத்து நின்றார். ஆகவே தூரத்தில் நின்று எடுக்கப் பழகினேன். பூக்காரம்மா கொட்டாவி விடுவது, இடைசெவல் பஸ்ஸுக்கு நிற்கிறவர் உளுந்து மூட்டைமேல் தலையைச் சாய்த்துத் தூங்குவது, தீப்பெட்டி ஆபீஸ் வேனிலிருந்து இறங்குகிற பெண்கள் ஒருத்தி முதுகில் ஒருத்தி அடித்துச் சிரிப்பது. படங்கள் அருமையாக இருந்தன. எடுத்த பிறகு போய்க் காட்டுவேன், அவர்களும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் என் மனைவி ஒருநாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. யாருகூடயும் நீங்க பேசிக்கிட்டு இருந்த மாதிரி இல்ல," என்றாள். அவளுக்குப் பேசத் தெரியும். அந்த லென்ஸ் நம்மைப் பக்கத்தில் இருப்பதுபோல் காட்டும்; நாம் இருப்பது தூரத்தில்தான்.

மைதானத்தில் அந்தக் குறை இல்லை. அங்கே அது ராஜா. ஆட்டத்துக்கு முன்னால் செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் அடிப்பார்கள். பந்து உருளும்போது பின்னால் தண்ணீர் வாரி இறைத்துக்கொண்டு போகும். அந்தத் துளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் படத்தில் நின்றன. மகள் ஓடும்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொள்கிறாள் என்பதை அந்த லென்ஸ் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இனி அந்த ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். மண்டலப் பள்ளிப் போட்டியின் இறுதி ஆட்டம், ஒரு சனிக்கிழமை. ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். மாநிலத்தில் ஆடிய சான்றிதழ் இருந்தால்தான், மகள் சேர ஆசைப்பட்ட கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் விடுதியும் கிடைக்கும். பிளஸ் டூ முடிகிற வருடம், இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. அவள் மதிப்பெண்ணுக்கு அந்தக் கல்லூரி வாசலில் நிற்கக்கூட விட மாட்டார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நாலு மாதமாக அவள் காலை ஐந்தரை மணிக்கே மைதானத்தில் இருந்தாள்.

எதிர் அணி வெளியூர். கேலரியில் ஒரு பக்கம் முழுக்க அவர்கள் ஆட்கள், ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். இரண்டு நடுவர்களில் ஒருவன் என் நண்பன். இந்த வட்டாரத்தில் உடற்கல்வி ஆசிரியர்கள்தான் மாற்றி மாற்றி நடுவராக நிற்பார்கள். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை ஆடாத ஆட்டம் என்று ஒன்று இங்கே கிடையாது. ஆகவே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் நான் அவனைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். அவன் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். வேலையில் இருக்கிறான் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. நான் கோல் கம்பத்துக்கு இடது பக்கம், எல்லைக் கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். மகள் பந்தை வளைத்துக்கொண்டு கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டத்துக்குள் வந்து அடித்தாள். சிவப்புச் சட்டை போட்ட எதிரணித் தடுப்பாட்டக்காரி ஒருத்தியின் காலில் பட்டுப் பந்து வெளியே போனது. அரைவட்டத்துக்குள் தடுப்பவர் காலில் பந்து பட்டால் பெனால்டி கார்னர் கொடுக்க வேண்டும். நேரம் முடிந்துவிட்டாலும் அதை அடித்து முடித்த பிறகுதான் ஆட்டம் முடியும். கார்னரில் எங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அந்தப் போட்டியில் அடித்த கோல்களில் பாதி அப்படி வந்தவை. ஒரு கோல் போட்டால் சமன். பிறகு ஷூட்அவுட், அதில் எங்கள் கோல்கீப்பர் ஒரு சுவர்.

விசில் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் கையை விரித்துக் கத்தினார்கள். அவன் கையை வீசி, ஆடு ஆடு என்று காட்டினான். பத்தே நொடியில் ஆட்டம் முடிந்தது.

மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவன் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக அவளிடம் வந்து, தலையில் கை வைத்து, "மாமா பாக்கலம்மா. குறுக்க ஒரு பிள்ள வந்து மறச்சிட்டு. பாத்திருந்தா ஊதாம இருப்பனா?" என்றான். அவள் தலையை ஆட்டினாள். நான் அவன் தோளைத் தட்டினேன். ஆமாம், நான்தான் ஆறுதலாகத் தட்டிக்கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையின்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அந்த அடிக்கு மட்டும் பதினான்கு படங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது பாட்டுக்கு எடுத்துக்கொண்டே போகும். முதல் படத்தில் பந்து சிவப்புச் சட்டைக்காரியின் ஷூவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ஷூவில் கட்டிய கயிறு வரை தெரிகிறது. ஏழெட்டு அடி பின்னால் என் நண்பன். முகம் கொஞ்சம் மங்கல். ஆனால் அவனுக்கும் அந்தக் காலுக்கும் நடுவில் ஒரு ஆள் இல்லை. குறுக்கே வந்து மறைத்தவள் யார் என்று தேடினேன். ஒருத்தியும் இல்லை. அவன் குனிந்து அந்தக் காலையே பார்க்கிறான்.

மூன்றாவது படத்தில் அவன் கை விசிலை எடுத்துக்கொண்டு நெஞ்சுவரை வந்திருக்கிறது. ஐந்தாவதில் தாடைக்குப் பக்கத்தில். ஆறாவதில் அவன் முகம் காலைப் பார்க்கவில்லை, கேலரியைப் பார்க்கிறது. ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று படங்களில் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. நான் அந்தப் படங்களை முன்னுக்கும் பின்னுக்குமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கை ஏறியது, இறங்கியது. அன்று மதியம் சாப்பிட வரவில்லை என்று அவன் போன் செய்தபோது, எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

அவன் பள்ளி மைதானத்தில் இருந்தான். மறுநாள் ஏதோ ஓட்டப் போட்டிக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். உச்சி வெயில். கேமராவை அவன் முன்னால் நீட்டினேன். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். முதலில் வாயில் வந்தது, "நல்லா விழுந்திருக்கு மாப்ள." பழக்கதோஷம்.

"பாக்கலன்னு சொன்னியே," என்றேன்.

"பாத்தேன்."

"பெறகு?"

அவன் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தான். "ஊதத்தான் போனேன். நீயே பாக்குதேல்லா, கை வந்திருக்கு. அதுக்குள்ள அவிய ஊரு ஆளுவ எந்திரிச்சி நின்னுட்டாவ. போன வருசப் பேச்சு நெனப்புல வந்துட்டு. ஒன் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு ஒன் பிள்ளைக்கு ஊதுனான்னு சொல்லுவாவளா மாட்டாவளா?"

"அது ஃபவுலா இல்லையா?"

"ஃபவுலுதான்."

"வேற யாரோ பெத்த பிள்ள அடிச்சி அந்தக் கால்ல பட்டிருந்தா?"

அவன் கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான். "ஊதியிருப்பேன்," என்றான்.

நான் அடித்துவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அவன் குரலில் குற்ற உணர்ச்சி இருந்திருந்தால் ஒருவேளை அழுதிருப்பேன். அது இல்லை. பெரிய காரியம் செய்தவனைப் போல, எனக்குப் புரிய வைக்கிற பொறுமையோடு சொன்னான்: "விசேஷ வீட்ல நம்ம ஆளுவளுக்குக் கடைசிப் பந்திதான மாப்ள? கொறஞ்சா நம்மகிட்டத்தான கொறையணும். வந்தவுககிட்ட கொறையலாமா?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கல்யாண வீட்டில் முதல் பந்தி வெளியூர்க்காரர்களுக்கு, சம்பந்தி வீட்டாருக்கு. வீட்டு ஆட்கள் இலை போட்டு, பரிமாறி, எல்லாரும் கை கழுவிய பிறகு கடைசியில் உட்கார வேண்டும். பாயசம் தீர்ந்திருக்கும், அப்பளம் நொறுங்கியிருக்கும். யாரும் முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் நீ வீட்டு ஆள் இல்லை. என் கல்யாணத்தில் இவனுக்கு ரசமும் ஊறுகாயும்தான் மிஞ்சின. அதை இவன் இருபது வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். அந்த வழக்கத்தைக் கொண்டுபோய் ஹாக்கி மைதானத்தில் விரித்திருக்கிறான்.

"ஏலே, அது பாயசம்," என்றேன். "இது அவ படிப்பு."

"கார்னர் கொடுத்திருந்தா கோல் விழுந்திருக்கும்னு எழுதியா வச்சிருக்கு?"

"விழாம போயிருக்கட்டும். அது அவ பாடு. அவ தலைல கை வச்சி, குறுக்க வந்து மறச்சிட்டாவன்னு சொன்னியே, அது என்னத்துக்கு?"

"சின்னப் பிள்ளைட்ட வேற என்னத்தச் சொல்ல?" என்றான். பிறகு உண்மையாகவே வருத்தப்பட்ட குரலில், "நீ புரிஞ்சிக்கிடுவேன்னு நெனச்சேன். நீ என்ன வேத்தாளா?" என்றான்.

பைக்கில் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்விதான். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. எதிரி ஒருவன் எனக்குக் கெடுதல் செய்ய வேண்டுமென்றால் யோசிப்பான், பயப்படுவான். இவன் யோசிக்கவே இல்லை. நான் கோபப்பட மாட்டேன் என்ற நம்பிக்கையில் செய்திருக்கிறான். தன் இலையை எடுத்து அடுத்தவனுக்குப் போடுகிறவன் பெரிய மனிதன், ஒத்துக்கொள்கிறேன். இவன் என் மகளுடைய இலையை எடுத்துப் போட்டுவிட்டு, தன்னைப் பெரிய மனிதன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நேர்மையானவன் என்ற பெயர் அவனுக்கு அப்படியே இருக்கிறது. எதிர் அணியின் பயிற்சியாளர் போகும்போது அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் போனாராம். கூட இருந்து குழி பறிப்பவனை நான் பார்த்திருக்கிறேன். குழி பறித்துவிட்டு, நீ என்ன வேற்றாளா என்று கேட்பவனை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. மனைவி கறி அளவைக் குறைத்துக்கொண்டாள். எனக்குள் அது அடங்கவில்லை. வட்டாரத்து ஹாக்கிக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. பழைய ஆட்டக்காரர்கள், ஆசிரியர்கள், நடுவர்கள் என்று முந்நூறு பேராவது இருப்பார்கள். அதில் அந்தப் படங்களை வரிசையாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை. கை ஏறுவதையும் இறங்குவதையும் ஊர் பார்க்கட்டும், விசிலில் கலப்படம் இருக்கிறதா இல்லையா என்று ஊரே சொல்லட்டும்.

அனுப்புவதற்கு முன்னால் மகளிடம் சொல்வது நியாயம் என்று பட்டது. அவளுக்கு அவன் சொன்ன பொய் உடைய வேண்டும் என்றும் இருந்தது. சனிக்கிழமை காலையில் அவளைக் கணினி முன்னால் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொல்லி, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். அடையவில்லை.

"மாமா பாத்தாரு. எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள். "நான் அவருக்கு நேராத்தான நின்னேன்."

"தெரிஞ்சா ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் முதல் படத்துக்குப் போனாள். அதைப் பெரிதாக்கினாள். "இதுல எதுப்பா ஷார்ப்பா இருக்கு?"

"காலு."

"மாமா?"

"கொஞ்சம் மங்கல்தான். ஆனா கண்ணு எங்க பாக்குன்னு தெரியுதுல்லா. அது போதும்."

"நான் அதக் கேக்கல. நீங்க ஃபோகஸ் எதுல வச்சிருந்தீங்க?"

லென்ஸ் தானாக எதையும் பார்ப்பதில்லை. எடுக்கிறவன் எதைப் பார்க்கிறானோ அதைத்தான் கவ்விப் பிடிக்கும். ஷூவில் கட்டிய கயிறுவரை தெளிவாக விழுந்திருக்கிறது என்றால், நான் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து அதில் பட்டதை எல்லாருக்கும் முன்னால், எல்லாரையும்விடப் பக்கத்தில், இருநூறு எம்.எம். லென்ஸால் தூரத்தை இழுத்துக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அவன் கண்ணும் கையும்தான் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவை. கால் எனக்கு ஆட்டத்தன்றே, சனிக்கிழமையே தெரியும்.

எங்கள் பயிற்சியாளர் கத்தினார். வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரிகள் கத்தினார்கள். சுண்டல் விற்க வந்தவர்கூட, "ஏலே, காலு காலு," என்று கத்தினார். நான் கத்தவில்லை. அவன் ஊதிவிடுவான் என்று இருந்தேன். நம் ஆள்தானே, அவனைப் பார்த்து ஊர் முன்னால் நான் கத்துவது எப்படி என்றும் இருந்தது. இரண்டையும்விட, படம் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. விரலை எடுக்க மனம் வரவில்லை.

மகள் படங்களை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனாள். பதினான்காவதில் நிறுத்தினாள். அதில் அவள் மட்டும்தான். ஸ்டிக் தரையில் கிடக்கிறது. இரண்டு கையையும் விரித்து, வாய் பாதி திறந்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு, நேராக லென்ஸைப் பார்க்கிறாள். விளையாட்டுப் படத்தில் அப்படிக் கண்ணுக்குக் கண் அமைவது அபூர்வம். அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

"இதத்தான பெருசாப் போட்டு மாட்டணும்னு அம்மாட்ட சொன்னீங்க?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அன்னைக்கு எல்லாரும் மாமாவப் பாத்துத்தான்ப்பா கத்துனாங்க," என்றாள். "நான் ஒங்களப் பாத்தேன்."